குடும்பச் சுற்றுலாவுக்கு வடகம் போட்டுப் பணம் சேர்ப்பது எப்படி: டெல்டாவில் வீட்டோடு இருப்பவர்களுக்கு

குடும்பமாக மூன்று நாள் வெளியூர் போய்வர வேண்டும். வருகிற சம்பளம் மளிகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் ஒருவர் அந்தப் பயணச் செலவை மட்டுமாவது ஈட்ட முடியுமா? முடியும். நான் பாபநாசம் பக்கம் இருக்கிறேன். கோடையில் வடகமும் மோர் மிளகாயும் போட்டு விற்று அந்தப் பணத்தில் மைசூர் போய்வந்தோம். வடகம் போடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை, அது அம்மாவிடம் கற்றதுதான். எந்தக் காகிதம் வேண்டும், என்ன விலை வைப்பது, எப்போது எதைச் செய்வது என்பதில்தான் திண்டாடினேன். கேட்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டோடு இருக்கும் அப்பாக்களுக்கும் இதே வழிதான். கூழ் கிண்டுவது கைவலு கேட்கும் வேலை, தாராளமாக இறங்கலாம்.

1. முதலில் பயணச் செலவை எழுதுங்கள்

எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் வேலையைத் தொடங்காதீர்கள். நாங்கள் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். மைசூருக்கு நான் போட்ட கணக்கு இது. ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் போய்வர ஆளுக்கு 800 என்று வைத்து 3,200. இரண்டு இரவு அறை வாடகை 4,000. மூன்று நாள் சாப்பாடு 4,500. ஊருக்குள் பேருந்து, ஆட்டோ 3,000. நுழைவுச் சீட்டுகள் 1,500. கைச்செலவு, அவசரச் செலவு 2,000. மொத்தம் 18,200. அதை 20,000 என்று வைத்துக்கொண்டேன்.

உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். வேளாங்கண்ணியோ ராமேஸ்வரமோ என்றால் இதில் பாதி போதும். எதுவானாலும் ஒரே ஒரு தொகையை எழுதி, பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவையுங்கள். அப்புறம் எந்த விடுமுறையில் போவது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். வடகத்துக்கு வெயில் வேண்டும், அந்த வெயில் அடிக்கிற சித்திரை வைகாசிதான் முழு ஆண்டு விடுமுறையும். அதனால் கோடையில் சம்பாதித்து, காலாண்டு விடுமுறையில் செப்டம்பர் கடைசியில் போவது சரியாக வரும். அதற்குள் நிலுவைப் பணமும் வந்து சேர்ந்துவிடும்.

2. பணம் கட்டச் சொல்லும் வேலையைத் தொடாதீர்கள்

வீட்டிலிருந்து சம்பாதிக்க வழி தேடினால் முதலில் கண்ணில் படுவது இவைதான்: பென்சில் பேக்கிங், கைபேசியில் தட்டச்சு வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் நாளுக்கு ஆயிரம். எல்லாவற்றிலும் ஒரு இடத்தில் பதிவுக் கட்டணம், பொருளுக்கு முன்பணம், ஜி.எஸ்.டி., இப்படி ஏதாவது பெயரில் பணம் கேட்பார்கள். முதலில் நூறு இருநூறு உங்கள் கணக்கில் போட்டு நம்பிக்கை வரவைத்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வதும் உண்டு. வேலை கொடுப்பவர் நமக்குத்தான் பணம் தர வேண்டும். நம்மிடம் கேட்டால் அது வேலையே இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்காகக் குழுக் கடன் வாங்காதீர்கள். நம் பக்கத்துத் தெருக்களில் வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றுலாவுக்காக அந்த வளையத்தில் தலையைக் கொடுக்க வேண்டாம். கையில் இருக்கும் ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறில் தொடங்கக்கூடிய வேலை இது.

3. எதைச் செய்வது

தையல் தெரிந்தவர்கள் தையலே செய்யலாம், மாலை டியூஷன் எடுக்கலாம். அவை ஆண்டு முழுக்க நேரம் கேட்கும். பயணத்துக்காக ஒரு பருவம் மட்டும் உழைத்து நிறுத்திக்கொள்ள வடகம், வற்றல்தான் சௌகரியம். அரிசி வடகம், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், தாளிக்கிற வெங்காய வடகம் என்று நம்மிடம் வரிசையே உண்டு. எல்லாவற்றையும் முதல் ஆண்டே போடாதீர்கள். இரண்டு போதும்.

என் தேர்வு அரிசி வடகமும், தஞ்சாவூர்க் குடமிளகாயில் போடும் மோர் மிளகாயும். குண்டு குண்டாக இருக்கும் அந்த மிளகாய் வெளியூரில் சுலபத்தில் கிடைக்காது. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

4. காகித வேலைகள்

இதற்குப் பயந்துதான் பலரும் ஒதுங்குகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, வரிசை தெரிந்தால் போதும். மாசி பிறப்பதற்கு முன்பே, அதாவது ஜனவரி கடைசியில், இதைத் தொடங்குங்கள்.

முதலில் ஆதாரில் உங்கள் கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் கணவர் எண்ணோ, எப்போதோ தொலைந்த பழைய எண்ணோ இருக்கும். ஆதார் வைத்து எந்த விண்ணப்பம் போட்டாலும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். தாலுகா அலுவலகத்திலோ வங்கியிலோ தபால் நிலையத்திலோ இருக்கும் ஆதார் மையத்தில் மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். எண் பதிவாகச் சில நாள் ஆகும், அதனால் இதுவே முதல் வேலை.

அடுத்து பான். இல்லையென்றால் வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதார் ஓ.டி.பி. வைத்து மின் பான் எடுக்கலாம். அது இலவசம். அட்டையாக வேண்டும் என்றால்தான் பணம்.

மூன்றாவதுதான் முக்கியம்: உணவுப் பாதுகாப்புப் பதிவு. விற்பதற்காக வீட்டில் உணவுப் பொருள் செய்தாலே இது வேண்டும், நாலு பேருக்கு மட்டும் விற்றாலும் வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு விற்பனை சிறிய அளவில் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, அடிப்படைப் பதிவு போதும். நான் எடுத்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். பாஸ்போர்ட் அளவுப் படம், அடையாளச் சான்று, செய்யும் இடத்தின் முகவரிச் சான்று, இவைதான் கேட்கும் ஆவணங்கள்.

இதில் மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

ஒன்று, முகவரி. வாடகை வீட்டில் இருந்தால் மின் கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். உங்கள் ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி இருக்கலாம். வாடகை ஒப்பந்தமும், ‘இந்த வீட்டில் வடகம் செய்ய எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதமும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். என் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்த முகவரி விஷயத்தில்தான். எது குறைகிறது என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைச் சேர்த்ததும் முடிந்தது.

இரண்டு, தொழில் வகை. இ-சேவை மையத்தில் கொடுத்துப் போடச் சொன்னால், அவசரத்தில் ‘சில்லறை விற்பனை’ என்று தேர்ந்தெடுத்துவிடுவார்கள். நாம் செய்வது உற்பத்தி. சமர்ப்பிக்கும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். நீங்கள் போடப்போகும் பொருள்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மூன்று, இடைத்தரகர். பதிவு வாங்கித் தருகிறேன் என்று இரண்டாயிரம் மூவாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு கிடைத்த பிறகும் ‘புதுப்பிக்க வேண்டும், உடனே கட்டுங்கள்’ என்று அழைப்பு வரும். யாருக்கும் கட்டாதீர்கள். இ-சேவை மையத்துக்கு அதன் சேவைக் கட்டணம் மட்டும், அதையும் ரசீது கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் சரியாக இருந்தால் 7 நாளுக்குள் முடிவு தெரிய வேண்டும் என்பது விதி. நேரில் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தால் உங்கள் வட்டாரத்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார், அதற்கு ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளுங்கள். வருபவர் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சமைக்கும் இடம் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா, பொருளை எதில் மூடி வைக்கிறீர்கள் என்றெல்லாம் பார்ப்பார். மருத்துவத் தகுதிச் சான்றும் கேட்கலாம். பதிவு வந்ததும் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்தச் சான்றிதழை அச்செடுத்து அடுப்படியில் மாட்டுங்கள்.

உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது, சிறு தொழிலுக்கானது. முழுக்க இலவசம், ஆதாரும் பானும் போதும். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் இதில் ஏராளம். முதல் ஆண்டு இது இல்லாமலே ஓட்டலாம். ஜி.எஸ்.டி. கவலையும் வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. வெளி மாநிலத்துக்கு வாடிக்கையாக விற்பதும் இணைய அங்காடிகளில் கடை போடுவதும் வேறு கணக்கு, அதற்கு முன் ஒரு கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வாங்குபவர்கள் ‘வியாபாரம் செய்தால் அது நின்றுவிடுமா’ என்று கேட்கிறார்கள். அதில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. உங்கள் வீட்டு வருமானம் அந்த எல்லையை ஒட்டி இருந்தால் கணக்குப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

5. பொட்டலமா, நிறுத்துக் கொடுப்பதா

முதல் ஆண்டு பழகியவர்களுக்கு நேரில் நிறுத்துக் கொடுங்கள், அதுவே என் அபிப்பிராயம். விலை அச்சிட்ட பொட்டலமாகக் கடையில் வைக்க வேண்டும் என்றால் வேலை கூடும். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, வரிகள் உட்பட எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, எந்தத் தடவை போட்டது என்று காட்டும் தொகுப்பு எண், உங்கள் பெயர் முகவரி, புகாருக்குத் தொலைபேசி எண், 14 இலக்கப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவராகப் பதியவும் வேண்டும், அதற்கு 500 ரூபாய். அதைத் தமிழ்நாட்டில் பார்ப்பது தொழிலாளர் துறை.

நிறுத்துக் கொடுப்பதானாலும் தராசு சரியானதாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சமையலறைத் தராசு வியாபாரத்துக்கு ஆகாது. முத்திரை போட்ட தராசுதான் செல்லும். புதிதாக வாங்க மனமில்லாவிட்டால், முத்திரைத் தராசு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரரைக் கேட்டு அங்கே நிறுத்துக்கொள்ளலாம்.

6. அடக்க விலை

‘நம்ம உழைப்புதானே’ என்று அரிசிக்கும் ஜவ்வரிசிக்கும் மட்டும் கணக்குப் பார்த்து விலை சொல்லிவிடுவது நம்மில் பலரிடம் இருக்கும் பழக்கம். அப்படிச் சொன்னால் பருவம் முடியும்போது கையில் களைப்புதான் மிஞ்சும்.

ஒரு கிலோ பச்சரிசிக்கு இப்படி எழுதுங்கள். விலைகளை உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி 60. ஜவ்வரிசி 8. பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், எலுமிச்சை, உப்பு எல்லாம் சேர்த்து 30. அரவைக் கூலி 15. விறகு 12. பை, நூல், கைச்செலவு 15. ஆக 140 ரூபாய்.

ஒரு கிலோ அரிசிக்குக் காய்ந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோ வடகம் வரும். அதில் உடைசலும் தூளும் கழித்து 900 கிராம்தான் விற்பனைக்கு. கிலோ 360 என்று விற்றால் 324 ரூபாய். செலவு போக 184. ருசி பார்க்கக் கொடுத்தது, அவ்வப்போது வீணாவது என்று 14 ரூபாயைத் தள்ளுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு 170 நிற்கும்.

20,000 வேண்டுமென்றால் சுமார் 118 கிலோ அரிசி போட வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு நாலு கிலோவுக்கு மேல் கிண்டிப் பிழிய முடியாது, முடிந்தாலும் தோள்பட்டை அடுத்த நாள் சொல்லிவிடும். அப்படியானால் 30 நாள் வேலை. வாரத்துக்கு மூன்று நாள் வைத்தால் பத்து வாரம். மாசி நடுவில் தொடங்கினால் வைகாசிக்கு முன் முடியும்.

துணைக்கு யாரையாவது கூப்பிட்டால் அவருக்குக் கூலி கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம் என்றுதான் சொல்வார், ஆனாலும் கொடுங்கள். அந்தக் கூலியை அடக்கத்தில் எழுதி, விலையில் பத்து இருபது கூட்டிக்கொள்ளுங்கள்.

மோர் மிளகாயில் கிலோ விலை அதிகம், ஆனால் எடை கண்ணெதிரே குறையும். காய்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். தயிர், உப்பு செலவும் உண்டு. பச்சை மிளகாய் மலிந்திருக்கும் வாரத்தில் மட்டும் வாங்கிப் போடுங்கள். கால் கிலோ, நூறு கிராம் அளவுகளில் விற்றால்தான் விலை கேட்டு மலைக்கமாட்டார்கள்.

வீட்டு சமையல் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. கொல்லையில் விறகடுப்பு இருந்தால் அதுவே நல்லது. பெரிய பாத்திரத்தில் கூழ் கிண்ட விறகுத் தீதான் தோதும்கூட. கருவை விறகும் தென்னை மட்டையும் நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும்.

7. எப்போது போடுவது

தை மாதத்தில் வெயில் வந்துவிட்டதே என்று தொடங்கிவிடாதீர்கள். அது சம்பா அறுவடை நேரம். அறுவடை இயந்திரம் ஓடும்போது பதரும் தூசும் தெருவரை வரும், மொட்டை மாடியில் காயும் வடகத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வயல்களில் அறுப்பு முடிந்த பிறகு தொடங்குங்கள். மாசியில் காலைப் பனி இருக்கும், எட்டு மணிக்குமேல் விரியுங்கள். பங்குனி, சித்திரை இரண்டும்தான் முழுப் பலன் தரும் மாதங்கள். அப்போது மெல்லிய வடகம் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

கோடையிலும் மாலையில் திடீர் மழை வரும். மதியம் மூன்று மணிக்குமேல் வானத்தைப் பார்க்க ஆள் இல்லாத நாளில் போடாதீர்கள். பள்ளி ஆண்டு விழா, உறவில் காதுகுத்து என்று வெளியே போக வேண்டிய நாள்களை நாட்காட்டியில் முன்பே அடித்துவிடுங்கள்.

அரிசியை ஊறவைத்து அரைத்து, ஒரு இரவு லேசாகப் புளிக்கவிட்டு, விடியற்காலையில் கிண்டினால் ஆறு ஏழு மணிக்குள் முடித்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிடலாம். கூழ் வெந்ததற்கு அடையாளம், ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. உப்பைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காயக் காய உப்பு தூக்கிக் காட்டும். சுத்தமான வெள்ளை வேட்டியில் பிழிந்தால் பின்னால் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும், கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பில் பிழிந்தால் தானே உதிரும். விரிப்பு உணவுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள், உரச் சாக்கைக் கிழித்து விரிப்பது கூடவே கூடாது. கலர்ப்பொடியும் வேண்டாம். பெரியவர்கள் வீட்டு வடகத்தை வாங்குவதே அது இல்லாமல் இருக்கிறது என்பதற்காகத்தான்.

மோர் மிளகாயில் அவசரம் ஆகாது. கீறிய மிளகாயை உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், இரவில் திரும்ப மோர் என்று மோர் முழுக்க உறிஞ்சும்வரை செய்ய வேண்டும். கடைசியில் கிலுகிலு என்று காயும்வரை விடுங்கள். நடுவில் ஈரம் இருந்தால் ஆடி மாதக் காற்றில் பூசணம் பிடிக்கும்.

ஒவ்வொரு தொகுப்பையும் தனி டின்னில் வைத்து, போட்ட தேதியை எழுதி ஒட்டுங்கள். யாராவது குறை சொன்னால் எந்த நாளில் போட்டது என்று தெரிய வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பொரித்துப் பார்க்காமல் எந்த டின்னையும் விற்காதீர்கள்.

8. யாரிடம் விற்பது

நெல் போட்டுக் கொள்முதல் பணம் வந்த மாசி, பங்குனியில் ஊருக்குள் வாங்குவார்கள். மே மாதம் சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் திரும்பும்போது இரண்டு கிலோ மூன்று கிலோ எடுத்துப் போவார்கள். என் விற்பனையில் பெரும்பங்கு அவர்களால்தான். அவர்கள் வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் அனுப்பி, எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவையுங்கள்.

பங்குனி, வைகாசிக் கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்பவர்கள் மொத்தமாக வாங்குவார்கள். விலையைக் குறைத்துக் கேட்பார்கள், பணமும் தாமதமாக வரும். ஒரு கிலோ அரிசிக்கு 140 ரூபாய் அடக்கம் என்பதை மறக்காமல் பேசுங்கள், பாதி முன்பணம் இல்லாமல் போட்டுக் கொடுக்காதீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேளுங்கள், குழுக்களின் பொருள்களை விற்கும் மதி அங்காடியிலும் பூமாலை வளாகத்திலும் கண்காட்சிகளிலும் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கடன்தான் பெரிய பள்ளம். ‘அக்கா, அடுத்த மாசம் தர்றேன்’ என்று சொல்பவர்கள் எல்லாம் நம் சொந்தமும் தெருவும்தான், முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. அதற்கு எனக்குப் பலன் தந்த வழி, முதலிலேயே எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்புவது: ‘பிள்ளைகளை மைசூருக்குக் கூட்டிப்போகத்தான் இதைச் செய்கிறேன், அதனால் பணம் கொடுத்தபின்தான் பொருள்.’ காரணம் தெரிந்தால் மனிதர்கள் புரிந்துகொள்கிறார்கள். சிலர் கூடவே ஒரு கிலோ சேர்த்து வாங்கினார்கள்.

யு.பி.ஐ.யில் பணம் வாங்க ஒருபோதும் உங்கள் ரகசிய எண்ணைப் போட வேண்டியதில்லை. ‘பணம் அனுப்பியிருக்கிறேன், பின் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொன்னால் பொருளையும் கொடுக்காதீர்கள்.

9. வெளியூருக்கு அனுப்புவது

வடகம் எடை குறைவு, இடம் அதிகம். கூரியரில் எடைக்கு மட்டும் பணம் என்று நினைக்காதீர்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்ளும் முறை பல நிறுவனங்களில் உண்டு. 40, 30, 25 சென்டிமீட்டர்ப் பெட்டி என்றால் 6 கிலோ கணக்கு. உள்ளே இருப்பது இரண்டு கிலோதான் என்றாலும் 6 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதனால் முதலில் கேளுங்கள், பெட்டியைச் சிறிதாக்குங்கள், அல்லது கூடவே மோர் மிளகாயை அடைத்து இடத்தை நிரப்புங்கள். அனுப்பும் செலவு வாங்குபவருடையது என்று விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

சென்னைக்கு என்றால் இரவு ஆம்னி பேருந்தில் பார்சலாகப் போட்டுவிடுவது மலிவு, மறுநாள் காலையில் அவர்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு வந்து திரும்பும் உறவுக்காரர் கையில் கொடுப்பது எல்லாவற்றிலும் நல்லது.

10. பணத்தைத் தனியாக வையுங்கள்

அஞ்சறைப் பெட்டியில் வைத்தால் அது மளிகைக்குப் போய்விடும். தபால் நிலையச் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம். அது உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். வடகப் பணம் எல்லாம் அங்கே. அடுத்த தொகுப்புக்கான அரிசிப் பணத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல வங்கிகளில் தொடர் வைப்பு (ஆர்.டி.) குறைந்தது ஆறு மாதத்துக்குப் போடலாம். மார்ச் நடுவில் மாதம் 2,000 என்று தொடங்கினால் செப்டம்பர் நடுவில் 12,000மும் கொஞ்சம் வட்டியும் வரும். அறை, சாப்பாடு, சுற்றுவதற்கு அது. மீதி 8,000 எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும், ரயில் சீட்டுக்கும் முன்பணத்துக்கும் அதுதான். தபால் நிலையத் தொடர் வைப்பு ஐந்தாண்டுக் கணக்கு, இந்த நோக்கத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

ஒரு நோட்டில் வாங்கியது, விற்றது, வர வேண்டியது மூன்றையும் அன்றன்றே எழுதுங்கள்.

11. சீட்டு எடுப்பது

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது, 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். செப்டம்பர் கடைசியில் போவதானால் ஜூலை கடைசியில் எடுக்க வேண்டும். ஆடி மாதம் கையில் சீட்டுப் பணம் இல்லையென்றால் பயணம் தள்ளிப்போகும், அதனால் நிலுவைகளை ஆனிக்குள் வசூலித்துவிடுங்கள். இணையத்தில் எடுப்பதானால் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்பே முடித்துவையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் அப்படிப்பட்ட கணக்குகளுக்குத்தான் முதல் வழி. அதற்கு வசதி இல்லையென்றால் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை நிலையங்களில் முன்பதிவுக் கவுன்ட்டர் இருக்கிறது.

டெல்டாவிலிருந்து மைசூருக்கு மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி வழியாக மாலையில் போகும் ரயில் மறுநாள் காலையில் அங்கே சேர்த்துவிடும். ஒரு இரவு அறை வாடகை அதிலேயே மிச்சம்.

பிள்ளைகள் கணக்கு இப்படி. ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால், தனிப் படுக்கை கேட்காதவரை கட்டணம் இல்லை. ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை வேண்டாம் என்று சொன்னால் பாதி, வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்தில் எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டு தூங்க முடியாது, முழுக் கட்டணத்தையே திட்டத்தில் எழுதுங்கள். நான் மேலே போட்ட 3,200 அப்படித்தான்.

அறை எடுக்கும் முன் அந்த ஆண்டு தசரா எந்த வாரம் என்று பாருங்கள். சில ஆண்டுகளில் அது காலாண்டு விடுமுறையோடு சேர்ந்து வரும். அந்த வாரம் மைசூரில் வாடகை ஏறிவிடும், சின்னப் பிள்ளைகளோடு நெரிசலில் நடப்பதும் சிரமம். வேறு நாளில் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயணத்தில் வருமாறு பாருங்கள், அன்று மாலை அரண்மனையில் விளக்கு அலங்காரம் உண்டு. மிருகக்காட்சிசாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. நுழைவுச் சீட்டு வாங்குமிடத்தில் பிள்ளைகளின் வயதைக் கேட்டால் காட்ட அவர்களுடைய ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள், ரயிலில் காட்டப் பெரியவர் ஒருவரின் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.